கருவாட்டுச் சந்தையில் ஒரு கதைப் பட்டறை

தஞ்சோங் டாவாய்க்கு வழி கேட்க வேண்டியதில்லை. சுங்கைப்பட்டாணியிலிருந்து செமிலிங் வழியாக வந்து, சிங்கிரைத் தாண்டியதும் காரின் கண்ணாடியை இறக்கிவிட்டால் போதும். மிச்சத்தை மூக்கு பார்த்துக்கொள்ளும். முதலில் சேற்று வாசம், பிறகு உப்புக் காற்று, அதற்கும் பிறகு கருவாடு. சாலை முடிகிற இடத்தில் கடல் தொடங்குகிறது. மெர்போக் ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கும் முகத்துவாரம் இது. எதிர்க்கரையில் பூலாவ் சாயாக் தெரியும். பின்னால் திரும்பினால், 1,200 மீட்டருக்கு மேல் உயர்ந்த ஜெராய் மலை தலையில் மேகத்தைச் சுற்றிக்கொண்டு நிற்கும்.

மலாய் மீனவர்களின் ஊர். ஆனால் சனி, ஞாயிறுகளில் இங்கே தமிழ்க் குரல் கேட்காத கடை இல்லை. சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம், பினாங்கு என்று எங்கிருந்தெல்லாமோ குடும்பம் குடும்பமாக வருவார்கள். நெத்திலி இரண்டு கிலோ, காய்ந்த இறால் அரைக் கிலோ, பெலாச்சான் நான்கு கட்டி, ஏதாவது ஒரு கருவாடு. வாங்கி, நெகிழிப் பைக்கு மேல் இன்னொரு பை போட்டு இறுக்கிக் கட்டி, காரின் பின்பெட்டியில் வைத்து, "நாத்தம் உள்ள வராம பார்த்துக்க" என்று பிள்ளையைத் திட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். பிள்ளைகளுக்கு இந்த ஊர் அந்தப் பின்பெட்டி அளவுக்குத்தான் தெரியும்.

அந்தப் பிள்ளைகளில் பத்தொன்பது பேரை, கையில் நோட்டுப் புத்தகத்தோடு, பெற்றோர் சிலரின் துணையோடு, ஒரு சனிக்கிழமை காலையில் இங்கே அழைத்து வந்தேன். எல்லாரும் 13 முதல் 16 வயதுக்குள். பட்டறைக்குத் தலைப்பெல்லாம் வைக்கவில்லை. பதாகையும் இல்லை.

நான் இளையோருக்கான நாவல் எழுதுகிறவன். அதனால் கெடாவின் தோட்டப்புறப் பள்ளிகளிலும் பட்டணத்துப் பள்ளிகளிலும் கூப்பிடுவார்கள். வழக்கமான பட்டறை எப்படி இருக்கும் என்பது வாசகர்களுக்குத் தெரியும். பள்ளி மண்டபம், வரிசை நாற்காலி, ஒலிபெருக்கி சோதனை, தலைமையாசிரியர் உரை, பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் உரை, பொன்னாடை, பத்து மணிக்கு மீ கோரேங் பொட்டலம். எல்லாம் முடிந்து எழுதச் சொன்னால் முதல் கேள்வி, "சார், எத்தனை பக்கம்?" அடுத்தது, "சார், தலைப்பு நீங்க தருவீங்களா?"

பிறகு கதிரவன் உதிப்பான். முப்பது பேர் எழுதினால் இருபது கதைகளிலாவது கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டி உலகைத் தழுவுவான். பறவைகள் கீச்சிடும். ஒரு சிறுவன் துயில் நீங்கி எழுவான். எழுதிய பையனோ காலை ஐந்தரை மணிக்கு இருட்டில் வேன் ஏறிப் பள்ளிக்கு வருகிறவன். கதிரவனுக்கு முன்பே எழுந்துவிடும் அவனுக்குக் கதையில் இடமில்லை.

பிள்ளைகளைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. மதிப்பெண்ணுக்காக அப்படித்தான் பழக்கினோம். யூபிஎஸ்ஆர் இருந்த காலத்தில் கட்டுரைப் பட்டறை என்பது பெரும்பாலும் தேர்வுப் பட்டறை. தொடக்க வாக்கியம் இத்தனை, மரபுத்தொடர் இத்தனை, பழமொழி ஒன்று, முடிவில் ஒரு நல்ல பண்பு. 2020-இல் பெருந்தொற்றால் அந்தத் தேர்வு நடக்கவில்லை. 2021-இல் தேர்வையே அரசு எடுத்துவிட்டது. சில பள்ளிகளில் அதோடு பட்டறைகளும் குறைந்தன. "இப்பத்தான் தேர்வு இல்லையே, எதுக்கு சார்?" என்று ஓர் ஆசிரியர் வெள்ளந்தியாகக் கேட்டார். எனக்கோ இப்போதுதான் வேலை தொடங்குகிறது என்று தோன்றியது.

அந்தத் தேர்வுக் காலத்திலேயே வேறு மாதிரி யோசித்த ஒருவர் இதே சுங்கைப்பட்டாணியில் இருக்கிறார். எழுத்தாளர் கே. பாலமுருகன் ஆசிரியராகப் பணியாற்றியவர். நாடு முழுக்கப் பள்ளிகளில் எழுத்துப் பட்டறை நடத்தியவர். மாணவர்களுக்கு வழிகாட்டி நூல் எழுதியதோடு நிற்காமல், அவர்களே பிடித்து வைத்துப் படிக்கும்படி 'மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்' என்ற சாகச நாவலையும் எழுதினார். கட்டுரை எழுதக் கற்றுக்கொடுப்பவர் முதலில் படிக்க ஒரு கதையைக் கொடுத்தார் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. வாசிக்காத பிள்ளையை எழுதச் சொல்வது, கஞ்சி குடிக்காதவனை மூட்டை தூக்கச் சொல்கிற மாதிரி.

ஆனால் பன்னிரண்டு வயதைத் தாண்டினால்? தமிழ்ப்பள்ளியில் ஆண்டு ஆறு வரை பெரும்பாலான பாடங்களைத் தமிழில் படித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றில் கால் வைத்ததும் தமிழ் ஒரு பாடமாகச் சுருங்கிவிடுகிறது. அந்த ஒரு பாடமும் தானாகக் கிடைக்காது. அப்பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால்தான் தாய்மொழி வகுப்பு நடத்தலாம் என்கிறது 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். கேட்டு, ஆசிரியரும் கிடைத்து, வகுப்பு நடந்தாலும் பல இடங்களில் அது பள்ளி முடிந்த பிறகு நடக்கும். வேன் போய்விட்டால் வகுப்பும் போச்சு. எஸ்பிஎம்மில் தமிழ் எடுக்கும் மாணவர் எண்ணிக்கைக்காக ஒவ்வோர் ஆண்டும் இயக்கங்கள் பிரச்சாரம் செய்வதைப் பார்க்கிறோம். அந்தக் கதை எஸ்பிஎம் ஆண்டில் தொடங்குவதில்லை, படிவம் ஒன்றிலேயே தொடங்கிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. பதின்மூன்று வயதுப் பையன் தமிழில் என்ன படிப்பான்? சிறுவர் கதை அவனுக்குச் சின்னதாகிவிட்டது. பெரியவர் நாவல் இன்னும் தொலைவில் இருக்கிறது. நடுவில் உள்ள அலமாரி ஏறக்குறைய காலி. ஆங்கிலத்தில் அந்த வயதுக்கென்றே அடுக்கடுக்காக நூல்கள் கிடைக்கின்றன, கைப்பேசியில் கொரிய நாடகம் ஓடுகிறது. தமிழ் மட்டும் அவனிடம், "நீ பெரியவனானதும் வா" என்கிறது. அந்த ஐந்து வருடத்தில் போனவன் திரும்பி வருவான் என்று யார் உறுதி சொல்வது?

அதனால்தான் இந்தப் பயணத்துக்கு இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தோம். பீடோங்கில் ஒன்று கூடினோம். பீடோங் வட்டாரத்தில் ஹார்வர்ட் என்றொரு தோட்டம் இருக்கிறது. அதன் பெயரில் தமிழ்ப்பள்ளிகளும் உண்டு. "நான் ஹார்வர்ட்ல படிச்சவன் சார்" என்று ஒரு மாணவன் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு அறிமுகம் செய்துகொண்டான். பேருந்தே சிரித்தது. அந்தப் பகடிக்கு அங்கே வயது அதிகம், அவனுடைய அப்பாவும் அதையே சொல்லியிருப்பார். ஆனாலும் அலுக்கவில்லை.

செமிலிங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் வந்ததும் ஒரு தாய் மகளின் தோளைத் தட்டிச் சன்னல் பக்கம் காட்டினார். மகள் ஏற்கெனவே பலமுறை பார்த்திருக்க வேண்டும். சும்மா தலையை ஆட்டினாள். அதற்கப்புறம் செம்பனை. ஒரு காலத்தில் பால்மரம் நின்ற நிலமெல்லாம் இப்போது பெரும்பாலும் செம்பனைதான். லயத்து வீடுகள் இருந்த இடம் எதுவென்று சொல்ல, கூட ஒரு தாத்தா வர வேண்டும். தோட்டத்து மக்கள் தாமான்களுக்குப் போய்விட்டார்கள். இந்தப் பிள்ளைகளில் பால்வாளியைக் கையால் தொட்டவர் ஒருவரும் இல்லை.

மெர்போக் வழியாகச் சுற்றிப் போனால் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகமும், புக்கிட் பத்து பாஹாட் சண்டியும் உண்டு. அன்று போகவில்லை. போயிருந்தால் பத்தொன்பது பேரும் இராஜேந்திர சோழனைப் பற்றி எழுதியிருப்பார்கள். 1025-இல் அவன் கடாரத்தை வென்றது நமக்குப் பெருமைதான். ஆனால் ஆயிரம் ஆண்டுக்கு முந்திய கப்பலை விலாவாரியாக எழுதத் தெரிந்த பிள்ளைக்குத் தன் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று ஒரு பத்தி எழுத வரவில்லையே என்பது என் கவலை. பேருந்தில் ஒன்றை மட்டும் சொன்னேன். 2013-இல் இதே வட்டாரத்தில், 11-ஆம் எண் சண்டி என்று அறியப்பட்ட பழைய கட்டுமானத்தின் மிச்சத்தை, நிலத்தைச் சீர்செய்யும்போது இடித்துத் தள்ளிவிட்டார்கள். செய்தி வந்த பிறகுதான் நம்மில் பலருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரிந்தது. பேருந்து கொஞ்ச நேரம் அமைதியாக வந்தது. "யாரும் எழுதி வைக்கலையா சார்?" என்று பின்னிருக்கையிலிருந்து ஒரு குரல். ஆய்வாளர்கள் எழுதி வைத்திருந்தார்கள், அதனால்தான் அதற்கு எண்ணாவது இருந்தது என்றேன்.

தஞ்சோங் டாவாயில் விதி எளிமையானது. ஒருவருக்கு ஒரு கடை அல்லது ஒரு படகு. ஒரு மணி நேரம். பார்த்தது, கேட்டது, முகர்ந்தது, தொட்டது. நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்பது இப்போது வேண்டாம். உவமை வேண்டாம். கதிரவனுக்கு இன்று விடுமுறை.

பத்து நிமிடம் வரை எல்லாரும் கூட்டமாக ஒரே கடை முன்னால் நின்றார்கள். அப்புறம் வெயில் பிரித்துவிட்டது. ஒருத்தி கருவாடு காயப்போட்டிருக்கும் தட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஈ ஓட்டும் பாட்டியோடு மலாயில் பேசத் தொடங்கினாள். இரண்டு பையன்கள் படகுத்துறையில் வலை சரிசெய்கிறவரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொருவன் 2004-ஆம் ஆண்டு சுனாமியைப் பற்றிக் கேட்டான். டிசம்பர் 26, அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இவர்களில் ஒருவரும் அன்று பிறந்திருக்கவில்லை. எதிர்க்கரைப் பக்கம் கோத்தா கோலா மூடாவில் அதற்கென்று ஒரு காட்சியகமே இருக்கிறது. சிதைந்த படகுகளை அங்கே நினைவாக வைத்திருக்கிறார்கள். கடைக்கார பாக்சிக் அதைப் பற்றி ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. தண்ணீர் முதலில் உள்ளே போனது, மீன் துள்ளுவதைப் பார்த்தோம் என்றார். பிறகு ஒரு வாடிக்கையாளர் வந்துவிட்டார். பையன் அந்த இரண்டு வாக்கியத்தை அப்படியே எழுதி, கீழே, 'வாடிக்கையாளர் வந்துவிட்டார்' என்றும் எழுதினான். அந்த மூன்றாவது வாக்கியத்துக்காக அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கைகுலுக்கினேன். அவனுக்குக் காரணம் புரியவில்லை. புரியும்.

வேடிக்கை என்னவென்றால், கேட்பது மலாயில், எழுதுவது தமிழில். பேனா முனையில் மொழி மாற வேண்டும். கேள்விகள் வந்துகொண்டே இருந்தன.

"சார், 'ஜெமூர்'னா தமிழ்ல என்ன?"

"உங்க பாட்டி துணியைக் கொடியில என்ன செய்வாங்க?"

"காயப்போடுவாங்க."

"அதேதான்."

"அப்ப 'தெங்கிரி'?"

இங்கேதான் சண்டை வந்தது. ஒருத்தி வஞ்சிரம் என்றாள். அவளுடைய அம்மா தமிழ்நாட்டுச் சமையல் காணொளி பார்க்கிறவர். மற்றவர்கள், எங்கள் வீட்டில் யாரும் வஞ்சிரம் என்று சொல்லிக் கேட்டதே இல்லை, தெங்கிரிதான் என்றார்கள். "பிறமொழிச் சொல் எழுதினா டீச்சர் சிவப்பு மையில வட்டம் போடுவாங்க சார்." உண்மைதான், போடுவார்கள். தேர்வுத் தாளுக்கு அந்த விதி சரியாகவே இருக்கட்டும். கதைக்கு வேறு விதி. கதையில் பேசுகிறவர் யார் என்று பார்த்து எழுத வேண்டும். பீடோங் பாட்டி தெங்கிரி என்றுதான் சொல்வார் என்றால் கதையிலும் தெங்கிரிதான். கதை சொல்பவர் வேறு ஊர்க்காரர் என்றால் வஞ்சிரம் இருக்கட்டும்.

நான் இதைச் சொந்தமாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. கெடாவின் எழுத்தாளர்கள் ஏற்கெனவே செய்து காட்டியதுதான். சுங்கைப்பட்டாணியில் வாழும் கோ. புண்ணியவான், பள்ளி ஆசிரியராக இருந்தவர், தன் நாவலுக்கு 'செலாஞ்சார் அம்பாட்' என்று ஒரு மலாய் ஊர்ப் பெயரையே வைத்தார். சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட நம் மக்களைப் பற்றி 'கையறு' எழுதியவரும் அவரே. முதல் தலைப்பில் மலாய், இரண்டாவதில் சங்கத் தமிழ். இரண்டும் ஒரே கைதான். பாலமுருகனின் ஒரு நாவலின் தலைப்பு 'ஆப்பே கடையில் நடந்த 236ஆவது மாநாடு'. ஆப்பே கடை என்றால் என்னவென்று இந்த நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டாம். தோட்ட வாழ்வை 'மண்புழுக்கள்' நாவலில் எழுதிய சீ. முத்துசாமிக்கு 2017-இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது கிடைத்தது. லூனாஸில் பிறந்த ம. நவீன், 'வல்லினம்' இதழை நடத்துவதோடு அந்த ஊரையே 'பேய்ச்சி' நாவலில் கொண்டுவந்தார்.

அரை மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் இத்தனை எழுத்தாளர்கள். பிள்ளைகளிடம் கேட்டேன், இவர்களில் யாரையாவது தெரியுமா என்று. பாலமுருகனைச் சிலருக்குத் தெரிந்திருந்தது, ஆண்டு ஆறில் பட்டறைக்கு வந்தவர் என்று. மற்றப் பெயர்களுக்கு உதட்டைப் பிதுக்கினார்கள். அவர்கள் குடியிருக்கும் ஊரிலேயே ஒரு நாவலாசிரியர் காய்கறி வாங்கிக்கொண்டு நடந்து போகிறார் என்பது அவர்களுக்குச் செய்தியாக இருந்தது. எழுத்தாளர் பள்ளிக்குப் போவதில் பாதிப் பயன் இதுதான் என்று நினைக்கிறேன். கற்றுக்கொடுப்பது அப்புறம். இப்படி ஒரு ஆள் இருக்கிறார், நம்மைப் போலவே பேசுகிறார், நம்மூர்ப் பேருந்தில் வருகிறார் என்று ஒரு பிள்ளை கண்ணால் பார்க்க வேண்டும்.

பத்திரிகைகளுக்கும் இதில் பங்கு உண்டு. 1950-களின் தொடக்கத்தில் 'தமிழ் நேசன்' நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். நாளிதழின் பக்கமே வகுப்பறை. இந்த நாட்டின் முதல் தலைமுறைச் சிறுகதையாளர் பலர் அங்கே எழுதிப் பழகியவர்கள். 1952-இல் தமிழ்நாட்டிலிருந்து வந்து 'தமிழ் நேச'னில் சேர்ந்த கு. அழகிரிசாமி, எழுத்தாளர்களைக் கூட்டி வைத்துப் படைப்புகளைப் பேச வைத்தார். கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு' மாணவர்களுக்கென்றே மாணவர் மணிமன்றம் வைத்திருந்தது. பால்மரக் காட்டிலிருந்து பையன்கள் தாளின் இரு பக்கமும் எழுதி அஞ்சலில் அனுப்புவார்கள், பெயர் அச்சில் வந்தால் தோட்டமே படிக்கும் என்று என் தாத்தா தலைமுறையில் சொல்வார்கள். 'தமிழ் நேசன்' 2019-இல் நின்றுவிட்டது. அஞ்சல்காரரும் முன்போல வருவதில்லை. அந்த வகுப்பை இப்போது யாராவது நேரில் போய்த்தான் நடத்த வேண்டியிருக்கிறது.

பன்னிரண்டு மணிக்குக் கடலோர மரநிழலில் எல்லாரும் உட்கார்ந்து வாசித்தார்கள். எல்லாம் நன்றாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். சிலது விலைப்பட்டியல் போல இருந்தது: நெத்திலி இவ்வளவு, இறால் இவ்வளவு. இரண்டு பேர் கட்டளையை மீறிக் கதிரவனைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு பையன் கைப்பேசியில் படம் எடுத்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. கருவாட்டுத் தட்டிப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண், அந்த மலாய்ப் பாட்டியின் கை ஓயாமல் ஆடுவதையும், ஈ போன பிறகும் கை நிற்காததையும் எழுதியிருந்தாள். அது போதும், ஒரு கதைக்கு அது போதும்.

கடைசியாக ஒரு பையன். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவன். நான்கே வரி எழுதியிருந்தான். அவனுடைய அம்மா தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து நெத்திலித் தலை கிள்ளுவார்கள். கிள்ளும்போது மட்டும்தான் அம்மா நிறையப் பேசுவார். அதனால் நெத்திலி சீக்கிரம் தீர்ந்துவிட வேண்டும் என்று, தனக்குப் பிடிக்காவிட்டாலும், அவன் கூடுதலாகச் சாப்பிடுவான். வாசித்து முடித்ததும் யாரும் கைதட்டவில்லை. எப்படித் தட்டுவது? கூட வந்திருந்த பெற்றோரில் ஒருவர் மட்டும் மூக்கைச் சிந்தினார். கருவாட்டு நெடி என்று சொல்லிக்கொண்டார்.

அவனுக்குத் தமிழ் எங்கே படிக்கிறாய் என்று கேட்டேன். ஆண்டு ஆறோடு நின்றுவிட்டது என்றான். அவனுடைய பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லை. இந்த நான்கு வரியும் ஆரம்பப் பள்ளியில் சேர்த்து வைத்த தமிழிலிருந்து எடுத்து எழுதியது. சேமிப்பில் எடுக்க மட்டும் செய்தால் எத்தனை நாளைக்கு வரும்?

கிளம்பும் நேரத்தில் கருவாட்டுப் பைகள் பேருந்தின் அடியில் ஏறிக்கொண்டிருந்தன. அதே பள்ளியில் படிவம் ஒன்றில் படிக்கும் ஒரு மாணவியின் தாயார், படகுத்துறைச் சிமெண்டு திண்ணையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாய்மொழி வகுப்பு வேண்டிப் பள்ளிக்குக் கொடுக்கும் விண்ணப்பம் அது. தாமானில் வீடு வீடாக ஏறிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார். சிலர், "தமிழ் படிச்சு என்னாகப் போவுது?" என்று கதவிலேயே பேசி அனுப்பிவிட்டார்களாம். சிலர் இரவு வேலைக்காரர்கள், எப்போது போனாலும் தூக்கம். அவர் அந்த நான்கு வரிப் பையனைக் கூப்பிட்டு, "தம்பி, அம்மா எத்தனை மணிக்கு முழிச்சிருப்பாங்க?" என்று கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு மேல ஆன்ட்டி."

தாளில் அதுவரை பதினொரு கையெழுத்து இருந்தது. பன்னிரண்டாவது எண்ணுக்கு நேரே, பென்சிலால், அவர் 'ஞாயிறு 10' என்று எழுதிக்கொண்டார்.